வண்டியில் ஏறாத சம்மந்தி

கொச்சிக்குப் போய், காயலைப் பார்த்து, நல்லதாக நாலு வேளை தின்றுவிட்டுத் திரும்ப ஒரு சனியும் ஒரு ஞாயிறும் தாராளம். அதற்குத் திட்டம் போடத்தான் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் உதியன்குளங்கரையில் தாணுவின் வீட்டில் மாதக்கணக்கில் கூடிக் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சு தொடங்கும்போதெல்லாம் லேகாவுக்கு அருவருப்பு எழும்பும். எழும்பாமல் என்ன செய்யும்? காது கேட்கிற எவருக்கும் எழும்பியிருக்கும்.

லேகா தாணுவின் மூத்த மகள். புருஷன் மஸ்கட்டில். அவள் அப்பா வீட்டில் இருந்துகொண்டு நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள் ரினி, கடப்புறத்துப் பெண். அவள் அப்பா புஷ்பராஜ் வள்ளத்தில் கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். லேகாவின் தம்பி அஜேஷ் மழைக்காலத்தில் அக்காவைக் கூட்டிப்போக பைக்கில் வந்து வந்து நின்றான். மழை விட்ட பிறகும் வந்து நின்றான். அப்புறம்தான் லேகாவுக்குப் புரிந்தது, இவன் வருவது தனக்காக இல்லை என்று.

"சேச்சிக்க வீட்டுல சம்மதிப்பாங்களா?" என்று ரினி கேட்டபோது, "அதெல்லாம் நான் பாத்துக்கிடுகேன், நீ தைரியமா இரு மோளே" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னவள் லேகாதான். அந்தச் சொல்லை நம்பித்தான் ரினி தன் வீட்டில் வாயைத் திறந்தாள்.

வீட்டில் சம்மதிக்கத்தான் செய்தார்கள். தாணு ஒரு நாள் பட்டினி கிடந்தார். அம்மா விலாசினி மூக்கைச் சிந்திச் சிந்தி ஒரு துண்டை நனைத்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் புத்தி வந்தது. பையனுக்கு முப்பது தாண்டிவிட்டது. பார்த்த பெண்ணெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிப்போயிற்று. நர்ஸ் என்றால் நாளைக்கே ஜெர்மனிக்குப் போகலாம், கூடவே இவனும் போகலாம். சரி, நடக்கட்டும் என்றார்கள். ஆனால் சம்மதிக்கிற விதம் என்று ஒன்று இருக்கிறதே! பிச்சைக்காரனுக்குப் பழைய சட்டை கொடுக்கிறவன்கூட இந்த மூஞ்சியை வைத்துக்கொள்ள மாட்டான்.

நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்காவது போய் இரண்டு நாள் பழகலாம் என்பது அஜேஷின் யோசனை. கோவளமா, கன்னியாகுமரியா என்று அவன் கேட்டபோது, தாணு முந்திக்கொண்டு கொச்சி என்றார். அப்பாவுக்கு இவ்வளவு தாராள மனசா என்று லேகா சந்தோஷப்பட்டுப் போனாள். அந்தச் சந்தோஷம் சோற்றுக் கையைக் கழுவும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

"கோவளத்துல நம்ம ஆளு எவனாவது கண்ணுல படாம இருப்பானா? கொச்சியின்னா எவன் நம்மள அறிவான்? கடப்புறத்துக்காரங்க கூட இருந்து தின்னாலும் ஊருல ஒரு குஞ்சும் அறியாது" என்றார் தாணு, பல்லைக் குத்திக்கொண்டே.

இதுதான் சங்கதி. ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, ஒளியப் போகிறார்கள்.

அன்றிலிருந்து தொடங்கியது திட்டம். அஜேஷ் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பான். தாய்தகப்பன் இரண்டு பேரும் தீர்ப்புச் சொல்வார்கள். ஹோட்டலில் பக்கத்துப் பக்கத்து அறை வேண்டாம், வேறு வேறு மாடி போதும். மட்டாஞ்சேரி அரண்மனை பார்க்கலாம். வாட்டர் மெட்ரோப் படகில் போகலாம், அதில் ஆளுக்கொரு இருக்கை உண்டு, தோளோடு தோள் உரசாது. கோட்டைக் கொச்சியில் சீனவலை பார்க்கலாமா என்று அஜேஷ் கேட்டதும் தாணு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"எலே, வலையக் கண்டா அவரு வேட்டிய மடிச்சுக் கெட்டிட்டு இறங்கிருவாரு. பின்ன நாம எப்ப திரும்ப?"

அஜேஷும் சிரித்தான். கட்டப்போகிறவளின் அப்பனைச் சொல்லி, கட்டப்போகிறவனே சிரித்தான்! லேகா அவன் முகத்தையே பார்த்தாள். வெட்கம் ஒரு பொட்டுகூட இல்லை. சொந்தத் தம்பியைப் பார்த்து வாய் கசந்தது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை.

சாப்பாட்டுக் கட்டம் வந்தபோது விலாசினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரிமீன் பொள்ளிச்சது தின்ன வேண்டும், கொஞ்சு இறால் ரோஸ்ட் தின்ன வேண்டும், கொச்சிக்குப் போய்விட்டு மீன் தின்னாமல் வந்தால் போனதே வீண் என்றாள். ஆனால் பஃபே உள்ள இடமாகப் பார்க்கச் சொன்னாள்.

"அதாவும்போ அவங்கவங்க தட்டுல அவங்கவங்க எடுத்துக்கிடலாம். ஒரே பாத்திரத்துல கையிட்டு, அவங்க வெளம்பி நாம திங்கிற பாடு இல்ல பாரு."

"அந்தக் கரிமீன யாரு புடிச்சதுன்னு நெனைக்கியம்மா? கோயில் நம்பூதிரியா?" என்றாள் லேகா.

"நீ ஒண்ணும் பேசாண்டாம். எல்லாம் நீ இழுத்துவிட்ட ஏழரையாக்கும்."

லேகா எழுந்து கொல்லைப்புறம் போய்த் துப்பினாள். உண்மையாகவே துப்பினாள்.

இந்த அம்மாவின் மீன் கதையை அவள் மறக்கவில்லை. ரினியின் அம்மா மேரிக்குட்டி முதல் தடவை வீடு பார்க்க வந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. விடியற்காலை வள்ளத்தில் வந்த நெய்மீனை நறுக்கி, கழுவி, புத்தம்புதிய எவர்சில்வர் தூக்கில் வைத்து, மேலே வாழையிலை மூடிக் கொண்டுவந்தாள். விலாசினி பல்லெல்லாம் காட்டி வாங்கிக்கொண்டாள். ஆட்டோ திரும்பிப் போன சத்தம் அடங்கியதும், அந்த மீன் அப்படியே வடக்குப் பக்கம் தென்னை மூட்டுக்குப் போயிற்று. தூக்கு, துணி துவைக்கிற கல்லின்மேல் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே எடுக்க ஆளில்லை. அன்று மத்தியானமே கேட்டருகில் ஸ்கூட்டரில் வந்த மீன்காரனை நிறுத்தி, அதே நெய்மீனைப் பேரம் பேசி வாங்கினாள் விலாசினி.

"இதும் அதே கடல்ல உள்ளதுதானேம்மா?" என்று லேகா கேட்டாள்.

"மீனுக்கென்ன? கை வேறல்லா" என்றாள் அம்மா, செதிலைச் சீவிக்கொண்டே.

தூ! அன்று லேகா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோறு தின்றாள். அந்தக் குழம்பின் வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று. தாணு தலைத் துண்டத்தை உறிஞ்சித் தின்றுவிட்டு, "நல்ல மீனு, கொள்ளாம்" என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தார்.

இதெல்லாம் ரினிக்குத் தெரியாது. மேரிக்குட்டிக்குச் சுத்தமாகத் தெரியாது. அஜேஷ் தொடங்கியிருந்த 'கொச்சி டூர்' வாட்ஸாப் குழுவில் இரண்டு குடும்பமும் இருந்தது. அதில் மேரிக்குட்டிக்குத்தான் மிகுந்த உற்சாகம். அவளுக்கு எழுத வராது, எல்லாம் குரல்தான். கடைசியாக வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பிய காய்ந்த இறால் துவையல் சேதியில் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"எல்லாரும் கேக்கணும், கேட்டோ. பிரயாணத்துக்கு எனக்க வக உணக்கச் செம்மீன் சம்மந்தி உண்டு. இங்க இவருக்கு அது இல்லாம சோறு இறங்காது. அங்க அப்பாவுக்கும் ஒரு டப்பா தனியா கொண்டு வாறேன்."

மறுநாள் சனிக்கிழமை. அஜேஷுக்குத் திருவனந்தபுரத்தில் ஆபீஸ் இருந்தது. லேகாவுக்கு லீவு, கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாணு நாற்காலியில் போனைக் கண்ணுக்கு நெருக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அஜேஷ் அவருக்குத் தனியாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்: ஏழு பேர் உட்காருகிற வண்டி ஒன்று போதுமா, ரினியின் அப்பா அம்மாவையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாமா? தாணு அதை வாய்விட்டு வாசித்தார். லேகாவின் காதில் ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. பிறகு அவர் ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்கிற ஆளிடம் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னார்:

"எலே மக்கா, அந்த சம்மந்திய நம்ம வண்டியில ஏத்தாண்டாம். வண்டி பூரா நாறும். பின்ன எத்தன தடவ கழுவினாலும் போவாது, கேட்டியா."

விரலை எடுத்தார். போயிற்று. போனது மகனுக்கல்ல, குழுவுக்கு. பதில் எழுதவேண்டிய இடத்திலிருந்து எப்படியோ வெளியே வந்து, மேலே கிடந்த 'கொச்சி டூர்' மேல் விரல் பட்டிருக்கிறது. லேகாவின் மடியில் கிடந்த போன் சிணுங்கியது. அப்பாவின் குரல் அதிலும் வந்து உட்கார்ந்திருந்தது.

"அப்பா, என்ன காரியம் செஞ்சீங்க!"

அழிக்க அவருக்குத் தெரியவில்லை. லேகா பிடுங்கி அழிக்கப் போவதற்குள் மேரிக்குட்டியும் புஷ்பராஜும் ரினியும் கேட்டுமுடித்திருந்தார்கள். விலாசினி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தாணு முதல் தடவையாக வெலவெலத்துப் போனார். அவருடைய பயம் அவர்கள் மனசு புண்பட்டதே என்பதற்காக அல்ல, மாட்டிக்கொண்டோமே என்பதற்காக. லேகாவுக்கு அப்பாவை அப்படிப் பார்க்க ஒரு துளி இரக்கம்கூட வரவில்லை.

அஜேஷ் போனில் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டார்கள். முதலில் கத்தினான். பிறகு சட்டென்று நிறுத்தினான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"அப்பா, பேடிக்காண்டாம். நீங்க சம்மந்தின்னுதானே சொன்னிய? ரினிக்க அம்மையும் நேத்து ராத்திரி செம்மீன் சம்மந்தி கொண்டுவாறேன்னுதானே சொன்னாவ? நாம சொன்னது அதாக்கும்!"

பாறசாலைப் பக்கத்தில் பிறந்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய புத்தி. பெண் கொடுத்து எடுத்த வீட்டாருக்கும் இங்கே சம்மந்தி என்றுதான் பெயர். அம்மியில் வைத்து அரைக்கிற துவையலுக்கும் மலையாளத்தை ஒட்டிச் சம்மந்தி என்றுதான் பெயர். ஒரே நாக்கு, ஒரே சொல். எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

விலாசினிக்குப் புரிந்ததும் அப்படியொரு சிரிப்பு சிரித்தாள். தாணு சிரித்தார். போனுக்குள்ளிருந்து அஜேஷ் சிரித்தான். "துவையலாக்கும், துவையலாக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவர்களுக்கு. மடித்த துணியைக் கையில் பிடித்தபடி லேகா நின்றாள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். இந்தச் சிரிப்பு அவள் உடம்பில் சேறு தெறித்ததுபோல் ஒட்டிக்கொண்டது. போய்க் குளிக்க வேண்டும்போல் இருந்தது.

குழுவில் அஜேஷ் எழுதினான்: 'அப்பா செம்மீன் சம்மந்தியைச் சொன்னார், ஏசி வண்டி அல்லவா!' கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள். கொஞ்ச நேரத்தில் மேரிக்குட்டியின் குரல் வந்தது.

"அய்யோ, அது எனக்குத் தோணாமப் போச்சே. அப்பா சொன்னது செரியாக்கும். அடச்ச வண்டியில அது வல்லாம நாறும். நான் கொண்டு வரல்ல, கேட்டோ. மாப்பு தரணும்."

மாப்பு கேட்டாள்! அவமானப்பட்டவள் மாப்பு கேட்டாள். தாணு அதைக் கேட்டுவிட்டு, "பாவம், விவரம் இல்லாத சாதனம்" என்றார், போனைக் கீழே வைத்துக்கொண்டே.

அன்று மாலை அஜேஷ் வந்ததும் சமையலறைக்குள் அக்காவைத் தேடிக்கொண்டு வந்தான். "ரினி உன்ட்ட கேப்பா. துவையல்னு சொல்லிரு, கேட்டியா அக்கா."

"உனக்கு நாணம் இல்லியாலே?"

"பின்ன நான் என்ன செய்யணும்? அப்பாவ இனி மாத்த ஒக்குமா? கல்யாணம் முடிஞ்சா எல்லாம் செரியாவும். நீ ஒரு வாக்கு சொன்னா எனக்க வாழ்க்க நிக்கும். இல்லன்னா போச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். எல்லாரும் குளித்துவிட்டுப் போன அழுக்குத் தண்ணீரை இவள் மட்டும் அள்ளிக் குடிக்க வேண்டுமாம்.

திங்கட்கிழமை ரினி லேபுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். கையில் ரத்தக் குழாய்கள் வைத்த தட்டு இருந்தது. அதை மெதுவாக மேசையில் இறக்கிவைத்தாள்.

"சேச்சி, எங்க அம்மை அத நம்பிட்டு. பொடிச்சு வச்சிருந்த செம்மீன அப்படியே பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாச்சு. டப்பாவ வேற வெயில்ல காய வச்சிருக்கு. நான் சேச்சிட்ட மட்டும்தான் கேக்கேன். வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன். ஏது சம்மந்தி?"

துவையல் என்று சொன்னால் முடிந்தது. தம்பிக்குக் கல்யாணம் நடக்கும். இந்தப் பெண் அந்த வீட்டுக்குள் வருவாள். அவளுடைய அம்மா கொண்டுவருகிற ஒவ்வொரு தூக்கும் துவைகல்லில் கவிழ்ந்து கிடக்கும். இவள் அதைப் பார்ப்பாள், ஒரு நாளில்லை ஒரு நாள் பார்த்தே தீருவாள். அப்போது திரும்பி லேகாவின் மூஞ்சியைப் பார்ப்பாள். நெஞ்சைத் தட்டிச் சொன்ன கையை லேகா மேசைக்குக் கீழே மடக்கிக்கொண்டாள்.

"ஆளாக்கும் மோளே" என்றாள். "துவையல் இல்ல."

ரினி தலையை ஆட்டினாள். அழவில்லை. "அஜேஷுக்கு அறியாமா?" என்று கேட்டாள்.

"துவையல்னு சொல்லச் சொன்னதே அவன்தான்."

அதற்குத்தான் ரினியின் முகம் மாறிற்று. அவன் அப்பன் சொன்னதை அவள் தாங்கிக்கொண்டிருப்பாள் என்று லேகாவுக்குத் தோன்றியது. அவன் அனுப்பிய சிரிப்புதான் அறுத்துவிட்டது. ரினி தட்டை எடுத்தாள். கதவருகே போய் நின்றாள்.

"எனக்காக ஒரு காரியம் செய்யணும் சேச்சி. நான் வீட்டுல ஜெர்மனிக்குப் போற காரியம் சொல்லி இத வேண்டாம்னு வச்சிருவேன். அம்மை உங்களக் கூப்பிட்டுக் கேக்கும், கண்டிப்பா கேக்கும். அப்ப அது துவையலாவே இருக்கட்டும். அம்மை அத அறியண்டாம்."

"செரி மோளே" என்றாள் லேகா.

அந்த வாரத்திலேயே கல்யாணப் பேச்சு முறிந்தது. அஜேஷ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்து அக்காவைப் பார்த்து, "உனக்கு இப்ப திருப்தியா?" என்று கேட்டான். பிறகு பசித்தது, தோசை தின்றான். தாணுவும் விலாசினியும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல் ஒரு நாள் மெதுவாகப் பேசினார்கள். மறுநாள் வீட்டில் ஒரு கலகலப்பு வந்துவிட்டது. தலையிலிருந்து சுமை இறங்கிய கலகலப்பு. அதை மறைக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

"ரூம் போட்டது போட்டாச்சு. நாமளாவது போயிட்டு வருவோம். பயலுக்கும் மனசு மாறும்" என்றார் தாணு.

மறுபடியும் சாப்பாட்டு மேசை. மறுபடியும் மடிக்கணினி. இனி ஒரே மாடியில் அறை எடுக்கலாம். பஃபே வேண்டாம், மேசையில் உட்கார்ந்து நிதானமாகத் தின்னலாம். சீனவலைக்காரர்களிடமே துடிக்கிற மீனை வாங்கி அங்கேயே பொரித்துத் தரச் சொல்லலாமாமே என்றாள் விலாசினி. அஜேஷ் சுரத்தில்லாமல்தான் தேடிக்கொண்டிருந்தான், ஆனாலும் தேடினான். காயலோரத்தில் எந்தக் கடையில் கரிமீன் நன்றாக இருக்கும் என்று நாலு பேர் எழுதியதை வாசித்துக் காட்டினான். வாழையிலையில் பொதிந்த மீன் படம் ஒன்றைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினான். தாணு எச்சிலை விழுங்கியதை லேகா பார்த்தாள். மூன்று வாய்களும் மீன் மீன் என்று அசைந்துகொண்டிருந்தன. இவர்களோடுதான் இத்தனை வருஷம் ஒரே சட்டியில் தின்றிருக்கிறேன் என்று நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது அவளுக்கு.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. மேரிக்குட்டி. எழுந்து வெளியே போகலாம் என்று நினைத்தாள். போகவில்லை. அங்கேயே, அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்து எடுத்தாள்.

"மோளே, நான் ரினிக்க அம்மையாக்கும். வேலைத் திரக்குல இருக்கியா? ஒண்ணு கேக்கட்டா? இவ ஜெர்மனி ஜெர்மனின்னு சொல்லுதா. எனக்கு விசுவாசம் வரல்ல. அந்தச் சம்மந்தி காரியமா மோளே? அப்பாவுக்கு அதுல நீரசம் ஆயிப்போச்சோ? அப்படின்னா நான் ஒரு நடை வந்து அவருட்ட மாப்பு சொல்லிட்டுப் போறேன். அதுல எனக்கு ஒரு குறைச்சலும் இல்ல."

எதிரே அப்பா கரிமீன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல ஆன்ட்டி. அது வெறும் துவையல் காரியமாக்கும். அதுக்குப் போயி யாரு கோவப்படுவா? நீங்க வராண்டாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு மேரிக்குட்டி வருத்தமும் சமாதானமுமாகச் சொன்னாள்: "எங்களுக்கு நாத்தம் அறியாது மோளே. பிறந்ததுல இருந்து மூக்கு அதுல பழகிப்போச்சு. வேற யாராவது சொல்லித் தந்தாத்தான் அறிவோம். அப்பா சொன்னது நல்லதுக்காக்கும். நான் கேட்டதா அவருட்ட சொல்லணும், என்னா?"

போனை வைத்தாள். விலாசினி மடிக்கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "யாருட்டி?" என்று கேட்டாள்.

"சம்மந்தி" என்றாள் லேகா.